ஜூரியைப் பார்க்காத வழக்குகள்

2022 நிதியாண்டில் அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்களில் 71,954 பேர் மீதான குற்ற வழக்குகள் முடிவுக்கு வந்தன. அவர்களில் விசாரணையைச் சந்தித்து, குற்றவாளி அல்ல என்ற தீர்ப்போடு வீட்டுக்குப் போனவர்கள் 290 பேர். விசாரணை நடந்து தண்டிக்கப்பட்டவர்கள் சுமார் 1,400 பேர். நூற்றுக்கு எட்டுப் பேர் மீதான வழக்கு நடுவிலேயே தள்ளுபடியானது. மற்றவர்கள், அதாவது கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பேர், சாட்சிக் கூண்டில் ஒருவரும் ஏறாமலேயே, ஜூரி என்ற பன்னிரண்டு பேரின் முகத்தைப் பார்க்காமலேயே, குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கிக்கொண்டார்கள். மாநில நீதிமன்றங்களிலும் கதை இதுதான். 2012இல் மிசௌரி மாநில வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஃபெடரல் தண்டனைகளில் நூற்றுக்கு 97, மாநிலத் தண்டனைகளில் நூற்றுக்கு 94 இப்படி ஒப்புதலால் வருபவை என்று பதிவு செய்தது. அந்நாட்டின் குற்ற நீதிமுறை விசாரணைகளால் நடப்பதில்லை, ஒப்புதல்களால் நடக்கிறது என்ற பொருளில் நீதிபதி ஆண்டனி கென்னடி எழுதினார். குற்ற விசாரணை ஜூரி முன்பாகத்தான் நடக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் மூலப் பகுதியிலும், 1791இல் சேர்ந்த ஆறாவது திருத்தத்திலும் இரண்டு முறை எழுதிவைத்த நாடு அது. அந்த நாட்டில் விசாரணை எப்படி இவ்வளவு அரிதாகிப்போனது? குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சட்டம் கொடுத்த உரிமைகள், அவர் அனுபவிக்கும் உரிமைகளாக இல்லாமல், தண்டனையைக் குறைத்துக்கொள்ள அவர் விற்கும் சரக்காக மாறிவிட்டன என்பதும், அந்தச் சரக்குக்கு விலை வைப்பவர் நீதிபதியாக இல்லாமல் அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருக்கிறார் என்பதும்தான் அதற்கு விடை என்பது என் கருத்து.

முதலில் அமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் ஒரே ஒரு குற்றச் சட்டம் கிடையாது. ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி நீதிமன்றம், தனித்தனிச் சிறை. அவற்றுக்கு மேல் நாடு முழுவதற்குமான ஃபெடரல் சட்டமும் நீதிமன்றமும் வேறு. கொலை, திருட்டு, அடிதடி, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது போன்ற அன்றாடக் குற்றங்கள் பெரும்பாலும் மாநிலத்தின் கையில். மாநில எல்லை தாண்டிய போதைப்பொருள் கடத்தல், பங்குச் சந்தை மோசடி, குடியேற்றக் குற்றங்கள் போன்றவை ஃபெடரல் அரசின் கையில். விசாரணைக் கைதிகளும் சிறு தண்டனை பெற்றவர்களும் கவுண்டி எனப்படும் உள்ளாட்சிப் பகுதியின் சிறையில் இருப்பார்கள். நீண்ட தண்டனை பெற்றவர்கள் மாநிலச் சிறைக்கோ ஃபெடரல் சிறைக்கோ போவார்கள். வழக்கு நடத்தும் அரசு வழக்கறிஞர், பெரும்பாலான மாநிலங்களில், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள். பல மாநிலங்களில் நீதிபதியும் அப்படித்தான். ‘குற்றவாளிகளிடம் கறாராக இருப்பேன்’ என்று சுவரொட்டி அடித்து ஓட்டுக் கேட்கும் அரசு வழக்கறிஞரை நம் ஊரில் கற்பனை செய்வது கடினம். அங்கே அது தேர்தல் காலத்துச் சாதாரணக் காட்சி.

ஒருவர் கைதானதும் நடப்பவை ஓரளவுக்கு நமக்குத் தெரிந்தவைதான். கைவிரல் ரேகை, புகைப்படம், லாக்கப். காவலில் வைத்து விசாரிப்பதற்கு முன், பேசாமல் இருக்கவும் வழக்கறிஞரைக் கேட்கவும் உனக்கு உரிமை உண்டு என்று போலீஸ் சொல்லியாக வேண்டும்; 1966ஆம் ஆண்டு மிராண்டா வழக்கின் தீர்ப்பு இது. வாரண்ட் இல்லாமல் பிடித்திருந்தால், கைதுக்குப் போதிய காரணம் இருந்ததா என்பதைப் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் நீதித்துறை அலுவலர் ஒருவர் பார்த்தாக வேண்டும். அதை ஒட்டி ஜாமீன் கேள்வி வருகிறது. இங்கேதான் அமெரிக்க முறையின் முதல் வினோதம். நீதிபதி ஒரு தொகையைச் சொல்கிறார். கட்ட முடிந்தவர் வெளியே போகிறார். முடியாதவர் ‘பெயில் பாண்ட்’ கடைக்காரரிடம் போகிறார்; அந்தக் கடைகள் பல ஊர்களில் நீதிமன்ற வாசலிலேயே இருக்கின்றன. வழக்கமாகத் தொகையில் பத்தில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு அவர் உத்தரவாதம் கொடுப்பார். வழக்கில் ஜெயித்தாலும் அந்தக் கட்டணம் திரும்பி வராது. அதுவும் முடியாதவர் உள்ளேயே இருக்க வேண்டியதுதான். உள்ளாட்சிச் சிறைகளில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் இன்னும் தண்டிக்கப்படாதவர்கள்.

ஜாமீனுக்கும் ஒப்புதலுக்கும் என்ன தொடர்பு என்பதை காலீஃப் ப்ரௌடரின் வழக்கு எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. 2010இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஒரு முதுகுப்பையைப் பறித்தார் என்ற குற்றச்சாட்டில் பிடிபட்டபோது அவருக்கு வயது 16. முதலில் ஜாமீன் 3,000 டாலர். குடும்பத்தால் கட்ட முடியவில்லை. வேறொரு வழக்கில் ஏற்கெனவே நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தார் என்பதால், குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு ஜாமீனே மறுக்கப்பட்டது. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் மூன்று வருடம், அதில் ஏறத்தாழ இரண்டு வருடம் தனிமைச் சிறை. வாய்தா மேல் வாய்தா. இடையில் பலமுறை அவரிடம் பேரம் பேசப்பட்டது. கடைசியாக வந்தது, சிறு குற்றம் செய்ததாக ஒப்புக்கொண்டால் இதுவரை இருந்த நாட்களைத் தண்டனையாகக் கணக்கிட்டு அன்றே வீட்டுக்குப் போகலாம் என்ற வாய்ப்பு. நான் செய்யவில்லை என்று அவர் மறுத்துவிட்டார். 2013இல் புகார் கொடுத்தவர் நாட்டிலேயே இல்லை என்று தெரிந்து அரசு வழக்கைக் கைவிட்டது. 2015இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது கொடுமையை மட்டுமல்ல, அங்கே இருந்த கணக்கையும்: குற்றவாளி என்று ஒப்புக்கொண்டால் வீடு, நிரபராதி என்று வாதாடினால் சிறை. அவரைப் போல மறுத்தவர்கள் அபூர்வம். வேலை போய்விடும், வாடகை கட்ட முடியாமல் வீடு போய்விடும், குழந்தையை யார் பார்ப்பது என்ற நிலையில் இருப்பவர் என்ன செய்வார் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

அடுத்தது குற்றப்பத்திரிகை. ஃபெடரல் வழக்குகளில் பெருங்குற்றம் எதற்கும் ‘கிராண்ட் ஜூரி’ எனப்படும் 16 முதல் 23 பேர் கொண்ட குடிமக்கள் குழு ஒப்புதல் தர வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடு போலத்தான் தெரிகிறது. ஆனால் அந்த அறைக்குள் நீதிபதி இல்லை, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. அரசு வழக்கறிஞர் காட்டுவதை மட்டும் பார்த்துவிட்டு அவர்கள் தலையாட்டுகிறார்கள். 2010இல் ஃபெடரல் அரசு தொடர்ந்த சுமார் 1,62,000 வழக்குகளில் கிராண்ட் ஜூரி மறுத்தது பதினொன்றே பதினொன்று. மாநிலங்கள் இந்த முறையைப் பின்பற்றியாக வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. எனவே எந்தக் குற்றம், எத்தனை குற்றம், எந்தப் பிரிவு என்பதை நடைமுறையில் முடிவு செய்பவர் அரசு வழக்கறிஞர் ஒருவர்தான். ஒரே செயலைச் சிறு குற்றமாகவும் எழுதலாம், பெருங்குற்றமாகவும் எழுதலாம். கலிபோர்னியாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் கடையிலிருந்து, தலா 399 டாலர் விலையுள்ள மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடிய கேரி யூயிங்கின் வழக்கு அப்படிப்பட்டது. சிறு குற்றமாகக் கருத இடமிருந்தும் அது பெருங்குற்றமாக எழுதப்பட்டது. அவருக்குப் பழைய தண்டனைகள் இருந்ததால், 1994ஆம் ஆண்டின் ‘மூன்று முறை’ சட்டம் பாய்ந்தது. குறைந்தபட்சம் 25 வருடம், அதிகபட்சம் ஆயுள். 2003இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

குறைந்தபட்சத் தண்டனையைச் சட்டமே வரையறுத்துவிடும் வழக்கம் 1980களில் பெருகியது. 1986ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி ஐந்து கிராம் ‘கிராக்’ கொக்கெய்ன் வைத்திருந்து விற்றவருக்குக் குறைந்தது ஐந்து வருடம். அதே தண்டனை பொடி கொக்கெய்னுக்குக் கிடைக்க வேண்டுமானால் 500 கிராம் வேண்டும். கிராக் பெரும்பாலும் கறுப்பினத்தவர் வாழும் ஏழைப் பகுதிகளில் விற்கப்பட்டது, பொடி வசதியானவர்களிடம். ஒன்றுக்கு நூறு என்ற இந்த விகிதத்தை ஒன்றுக்குப் பதினெட்டு என்று குறைக்க 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் இயற்றியவர்கள் நீதிபதிகளின் மனம்போன போக்கைத் தடுக்கத்தான் குறைந்தபட்சத் தண்டனையைக் கொண்டுவந்தார்கள். நீதிபதியிடமிருந்து பிடுங்கிய அந்த அதிகாரம் காற்றில் கரைந்துவிடவில்லை. எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று தீர்மானிக்கும் அரசு வழக்கறிஞரின் மேசைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். நீதிபதியாவது திறந்த நீதிமன்றத்தில் காரணம் சொல்லித் தண்டிக்க வேண்டும், அதன் மேல் மேல்முறையீடு செய்யலாம். அரசு வழக்கறிஞர் தன் அறையில் எடுக்கும் முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வழக்கு நடத்துவதில் அவர் செய்யும் தவறுக்காக அவர் மேல் நஷ்டஈட்டு வழக்கும் போட முடியாது என்று 1976இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்த அதிகாரம் எவ்வளவு தூரம் போகலாம்? கென்டக்கி மாநிலத்தில் பால் ஹேய்ஸ் என்பவர் 88 டாலர் 30 சென்ட் மதிப்புள்ள போலிக் காசோலையைக் கொடுத்து மாட்டினார். அந்தக் குற்றத்துக்கு இரண்டு முதல் பத்து வருடம். ஒப்புக்கொண்டால் ஐந்து வருடம் பரிந்துரைக்கிறேன், மறுத்து நீதிமன்றத்துக்கு வேலை வைத்தால் பழங்குற்றவாளி என்ற பிரிவில் மறுபடி வழக்குப் போடுவேன் என்று அரசு வழக்கறிஞர் நேரடியாகவே சொன்னார். அந்தப் பிரிவில் ஆயுள் தண்டனை கட்டாயம். ஹேய்ஸ் மறுத்தார். சொன்னபடியே வழக்கு வந்தது, ஆயுள் தண்டனையும் வந்தது. விசாரணை கேட்டதற்காக இப்படிப் பழிவாங்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இது பழிவாங்கல் ஆகாது, ஏற்கவும் மறுக்கவும் அவருக்குச் சுதந்திரம் இருந்ததே, பேரத்தில் இதெல்லாம் உண்டு என்ற விதமாகத் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இந்தத் துறையில் ஒரே ஒரு தீர்ப்பைப் படிக்க நேரமிருப்பவர்கள் இதைப் படிக்கலாம்.

ஏழைகளுக்கு மட்டும் உரிய அவலம் இது என்று நினைத்துவிடக் கூடாது. கொழும்பில் பிறந்து நியூயார்க்கில் பெரும் நிதி நிறுவனம் நடத்திய ராஜ் ராஜரத்தினம் மீது உள்தகவலைப் பயன்படுத்திப் பங்கு வாங்கி விற்றதாக 2009இல் வழக்கு வந்தது. அவருக்குத் தகவல் கொடுத்தவர்களில் இருவர், மெக்கின்ஸி நிறுவனத்தின் அனில் குமாரும் இன்டெல் நிறுவனத்தின் ராஜீவ் கோயலும், 2010 தொடக்கத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசுத் தரப்புச் சாட்சிகள் ஆனார்கள். ராஜரத்தினம் விசாரணையைத் தேர்ந்தெடுத்தார். 2011 மே மாதம் பதினான்கு குற்றச்சாட்டுகளிலும் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. பதினொரு வருடச் சிறை. சாட்சி சொன்ன இருவருக்கும் ஒருநாள்கூடச் சிறை இல்லை, இரண்டு வருட நன்னடத்தைக் கண்காணிப்போடு விட்டார்கள். முக்கியக் குற்றவாளிக்குக் கூடுதல் தண்டனை என்பது நியாயம்தான், அவர் அடைந்த லாபமும் பெரிது. ஒலிப்பதிவு செய்யப்பட்ட தொலைபேசி உரையாடல்களும் அவருக்கு எதிராக இருந்தன. இருந்தாலும் பதினொன்றுக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள தூரத்தைச் செயலின் கனம் மட்டும் அளக்கவில்லை; யார் முதலில் அரசு வழக்கறிஞரின் கதவைத் தட்டினார் என்பதும் சேர்ந்தே அளந்தது. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஃபெடரல் போதைப்பொருள் வழக்குகளில் ஒப்புக்கொண்டவர்களுக்குச் சராசரித் தண்டனை ஐந்து வருடம் நான்கு மாதம், விசாரணைக்குப் போய்த் தோற்றவர்களுக்குப் பதினாறு வருடம்.

இத்தனைக்கும் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் இருக்கிறாரே என்று கேட்கலாம். இருக்கிறார். ஃப்ளோரிடா சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதிய கிளாரன்ஸ் கிடியன் என்ற கைதியின் புண்ணியத்தால், பெருங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் வேண்டும் என்று 1963இல் தீர்ப்பானது. மறு விசாரணையில் வழக்கறிஞரோடு வந்த கிடியன் விடுதலையானார் என்பது அந்தக் கதையின் அழகான பாதி. அந்த வழக்கறிஞருக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பதை உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை என்பது மறு பாதி. லூசியானாவில் போக்குவரத்து அபராதத்தோடு வசூலாகும் கட்டணத்தை நம்பித்தான் ஏழைகளின் வழக்கறிஞர் அலுவலகம் பெருமளவுக்கு நடந்துவந்தது. போலீஸ் குறைவாக அபராதம் போட்டால் கைதிக்கு வாதாட ஆள் குறையும். பல மாநிலங்களில் ஒரே ஆள் நூற்றுக்கணக்கான வழக்குகளைத் தூக்கிச் சுமக்கிறார். கட்சிக்காரரை முதன்முதலில் சந்திக்கும் அன்றே பேரத்தின் விவரத்தைச் சொல்லிக் கையெழுத்துக் கேட்க வேண்டிய நிலை. அந்தக் கையெழுத்து சிறையோடு முடிந்துபோவதும் இல்லை. குடியுரிமை இல்லாதவர் ஒரு சிறு போதைப்பொருள் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் நாடு கடத்தப்படலாம். அதை முன்கூட்டியே எச்சரிப்பது வழக்கறிஞரின் கடமை என்று 2010இல்தான் தீர்ப்பு வந்தது. கிரீன் கார்டோடும் வேலை விசாவோடும் அங்கே வாழும் லட்சக்கணக்கான இந்தியர்களுக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல.

சரி, அபூர்வமாக நடக்கும் அந்த விசாரணை எப்படி இருக்கும்? நிஜமாகவே கம்பீரமாக இருக்கும். ஊர்மக்கள் பட்டியலிலிருந்து அழைக்கப்பட்டவர்களை இரு தரப்பு வழக்கறிஞர்களும் கேள்வி கேட்டு வடிகட்டுகிறார்கள். நிறத்தைக் காரணமாக வைத்து யாரையும் நீக்கக் கூடாது என்று 1986 முதல் விதி. போலீஸ் சட்டத்துக்குப் புறம்பாகக் கைப்பற்றிய பொருளைச் சாட்சியமாக வைக்க முடியாது. சாட்சி நேரில் வந்து குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். பெருங்குற்றமானால் ஜூரி ஒருமனதாக முடிவு செய்ய வேண்டும். லூசியானாவும் ஒரேகானும் நெடுங்காலம் பத்துக்கு இரண்டு என்பதை ஏற்றுக்கொண்டிருந்தன, 2020இல் அதுவும் முடிந்தது. ஜூரி விடுதலை செய்துவிட்டால் அரசு மேல்முறையீடு செய்ய முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு நீதிமன்றம் ஒரே நாளில் பல குற்ற வழக்குகளை ஜூரி வைத்து முடித்துவிடும். பெரும்பாலும் இரு தரப்பிலும் வழக்கறிஞர் இல்லை, சாட்சியச் சட்டமும் பேருக்குத்தான். இன்று ஒரு கொலை வழக்கு வாரக்கணக்கில் போகிறது. ஒவ்வொரு பாதுகாப்பும் விசாரணையைக் கொஞ்சம் நீட்டியது, கொஞ்சம் செலவை ஏற்றியது. விசாரணையைத் தவிர்ப்பதால் அரசுக்கு மிச்சமாகும் நேரமும் பணமும் அந்த அளவுக்குக் கூடின, அதற்காக அது கொடுக்கத் தயாராக இருக்கும் சலுகையும், மறுப்பவருக்கு வைத்திருக்கும் தண்டனையும் கூடின. ஜான் லாங்பீன் என்ற சட்ட வரலாற்றறிஞர் 1978இல் எழுதிய கட்டுரையில் இதை ஐரோப்பாவின் இடைக்காலச் சித்திரவதையோடு ஒப்பிட்டார். இரண்டு நேரடிச் சாட்சிகள் இல்லாமல் தண்டிக்கக் கூடாது என்று அங்கே சட்டம் கறாராக இருந்தது. அதை நிறைவேற்ற முடியாதபோது ஒப்புதல் வாக்குமூலத்தைத் தேடி உடலை முறுக்கினார்கள். இங்கே உடலுக்குப் பதில் வருடங்களை வைத்து முறுக்குகிறார்கள் என்பது அவர் வாதம். மிகையான ஒப்பீடுதான், எலும்பு முறிவதும் சிறைவாசம் நீள்வதும் ஒன்றல்ல. ஆனால் நிறைவேற்ற முடியாத அளவுக்குக் கடுமையான விதி, தன்னைச் சுற்றிக்கொண்டு போக ஒரு குறுக்கு வழியை உண்டாக்கிவிடும் என்ற அவருடைய மூல எண்ணத்தை மறுப்பது கடினம்.

இதற்கெல்லாம் வலுவான மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு: ஒப்புக்கொள்பவர்கள் குற்றம் செய்தவர்கள்தானே, திறந்த நீதிமன்றத்தில் நீதிபதி ஒவ்வொருவரிடமும், யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தினார்களா, நீ இழக்கும் உரிமைகள் என்னென்ன என்று உனக்குத் தெரியுமா என்று கேட்ட பிறகுதானே ஒப்புதலை ஏற்கிறார்? பெரும்பாலானவர்கள் ஏதோ ஒன்றைச் செய்தவர்கள்தாம், அதில் சந்தேகமில்லை. எல்லோருமா என்பதுதான் கேள்வி. டெக்ஸஸில் ஹூஸ்டன் நகரம் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியில் பல டஜன் பேர் போதைப்பொருள் வைத்திருந்ததாக ஒப்புக்கொண்டு தண்டனை அனுபவித்தார்கள். தெருவில் போலீஸ் செய்த மலிவான ரசாயனச் சோதனைதான் அவர்களுக்கு எதிரான சாட்சியம். மாதங்கள் கழித்து ஆய்வுக்கூடம் நிதானமாகப் பரிசோதித்தபோது அது போதைப்பொருளே இல்லை என்று தெரிந்தது. போதைப்பொருளே இல்லாமல் போதைப்பொருள் வைத்திருந்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1989க்குப் பிறகு தவறாகத் தண்டிக்கப்பட்டுப் பின்னர் நிரபராதிகள் என்று நிறுவப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர். நான் செய்யவில்லை, ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்வதையே 1970 முதல் அங்கே சட்டம் அனுமதிக்கிறது. வட கரோலினாவின் ஹென்றி ஆல்ஃபோர்டு மரண தண்டனைக்கு அஞ்சி அப்படிச் சொன்னார். நீதிபதி கேட்கும் கேள்விகளுக்கு எந்தப் பதில் சொன்னால் பேரம் நிற்கும் என்று வழக்கறிஞர் முன்பே சொல்லியிருப்பார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதும் அந்தப் பதில்களில் ஒன்று.

இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. எல்லா வழக்கையும் விசாரித்தால் நீதிமன்றங்கள் திணறிவிடும், நீதிபதிகளையும் கட்டடங்களையும் பல மடங்கு பெருக்க வேண்டியிருக்கும் என்று தலைமை நீதிபதி வாரன் பர்கரே 1971இல் ஒரு தீர்ப்பில் எழுதினார். அலாஸ்கா மாநிலம் இதைச் செய்தே பார்த்தது. 1975 ஆகஸ்டில் அதன் தலைமை அரசு வழக்கறிஞர் ஆவ்ரம் கிராஸ், தண்டனை பற்றிப் பேரம் பேசக் கூடாது என்று தன் அலுவலகம் முழுவதற்கும் உத்தரவிட்டார். நீதிமன்றங்கள் திணறவில்லை, வழக்குகள் முன்பைவிட வேகமாகவே முடிந்தன என்று மாநில நீதித்துறை மன்றத்தின் ஆய்வு கண்டது. விசாரணைகள் கூடின, ஆனால் தாங்கும் அளவுக்குத்தான். பேரம் இல்லாமலும் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொண்டார்கள். வழக்குப் போடும் முன்பே சாட்சியத்தைச் சரியாகப் பார்க்க வேண்டிய நிலை அரசு வழக்கறிஞருக்கு வந்ததும் ஒரு காரணம். அலாஸ்கா மக்கள்தொகை குறைந்த மாநிலம், அதை வைத்து சிகாகோவையோ லாஸ் ஏஞ்சல்ஸையோ கணிக்க முடியாது என்பது உண்மை. சிறு குற்றவாளிகளுக்குத் தண்டனை முன்பைவிடக் கடுமையானது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. பின்னாளில் அந்தத் தடை தளர்ந்தும் போனது. இருந்தாலும் பேரம் இல்லாவிட்டால் எல்லாம் இடிந்து விழும் என்ற பயமுறுத்தலுக்கு அலாஸ்காவில் ஆதாரம் கிடைக்கவில்லை.

மூன்றாவது மறுப்புதான் எனக்குக் கனமாகப் படுகிறது. பேரம் குற்றம் சாட்டப்பட்டவருக்கே நல்லது என்கிறது அது. சட்டப் புத்தகத்தில் இருக்கும் கொடூரமான தண்டனைகளிலிருந்து பேரம்தானே அவரைக் காப்பாற்றுகிறது? பாலியல் வன்முறைக்கு உள்ளானவர் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணையில் மறுபடி நொறுங்க வேண்டியதில்லையே? இரண்டும் நியாயமான கேள்விகள். பேரத்தை முற்றிலும் தடை செய்தால் முதலில் அடிபடுபவர்கள் சிறு குற்றவாளிகள்தாம் என்பதை அலாஸ்காவே காட்டியது. ஆனால் முதல் கேள்வியில் ஒரு வளையம் இருக்கிறது. ஒப்புக்கொள்பவருக்குக் கொடுக்கும் தண்டனைதான் அரசு நியாயமானது என்று கருதுவது என்றால், அதைப்போல மூன்று மடங்கை மறுப்பவருக்கு எதற்காகக் கொடுக்கிறது? அந்தக் கூடுதல் வருடங்கள் செய்த குற்றத்துக்கானவை அல்ல, விசாரணை கேட்டதற்கானவை. ஒப்புக்கொள்பவருக்குச் சலுகை கொடுப்பதில் தவறில்லை. சலுகையின் அளவுதான் பிரச்சினை. இங்கிலாந்தில் முதல் வாய்ப்பிலேயே ஒப்புக்கொள்பவருக்கு அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு குறையும். தாமதிக்கத் தாமதிக்கச் சலுகை சுருங்கி, விசாரணை தொடங்கும் அன்று பத்தில் ஒரு பங்காகிவிடும். கணக்கு அச்சிடப்பட்ட வழிகாட்டியில் இருக்கிறது, போடுபவர் நீதிபதி. நிரபராதி ஒருவர் ஆறு வருடத்துக்கு அஞ்சி நான்கு வருடத்தை ஏற்பது கடினம். ஆயுளுக்கு அஞ்சி ஐந்து வருடத்தை ஏற்பது எளிது. அமெரிக்காவைப் பார்த்து இந்தியாவும் 2006இல் ஒப்புதல் பேர முறையைக் கொண்டுவந்தது. ஏழு வருடத்துக்கு உட்பட்ட குற்றங்களுக்கு மட்டும், பெண்களுக்கும் பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களை நீக்கி, சலுகையின் அளவைச் சட்டத்திலேயே எழுதி. இங்கே அது ஏறக்குறைய யாரும் எட்டிப் பார்க்காத வசதியாகக் கிடக்கிறது என்பது வேறு கதை.

அமெரிக்காவிலும் முடிச்சு கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்கப்படுகிறது. நியூ ஜெர்சி 2017இல் பண ஜாமீனைப் பெரும்பாலும் கைவிட்டது. இல்லினாய் 2023 செப்டம்பரில் அதை முழுவதுமாக ஒழித்தது. நியூயார்க்கில் 2020 முதல், ஒப்புதல் வாங்கும் முன்பே அரசு தன் கையில் உள்ள ஆதாரங்களைக் காட்டியாக வேண்டும்; அதற்கு முன்பு சீட்டைக் காட்டாமலேயே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. 2017இல் ஃபிலடெல்ஃபியா நகர மக்கள் நெடுங்காலம் எதிர்த்தரப்பில் வாதாடிய லாரி க்ராஸ்னரை அரசு வழக்கறிஞராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஃபெடரல் அளவில் 2018இல் ‘முதல் அடி’ என்ற சட்டம் வந்தது. பெரிய அளவு போதைப்பொருள் வழக்கில் பழைய தண்டனை இரண்டு இருந்தால் கட்டாய ஆயுள் என்றிருந்ததை அது 25 வருடமாக்கியது. ஒன்று இருந்தால் 20 வருடம் என்றிருந்ததை 15 ஆக்கியது. எந்தப் பழைய தண்டனைகளைக் கணக்கில் எடுக்கலாம் என்பதையும் சுருக்கியது. இரு கட்சிகளும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டம், ஆயிரக்கணக்கானவர்களுக்கு உண்மையான நிவாரணம். ஆனால் அந்தப் பழைய தண்டனைகள் தாமாகக் கணக்கில் ஏறுவதில்லை. அரசு வழக்கறிஞர் ஒரு பக்கத்தில் அறிவிப்பு எழுதி நீதிமன்றத்தில் தாக்கல் செய்தால்தான் ஏறும். அதைத் தாக்கல் செய்வதா, வேண்டாமா, ஒப்புக்கொள்ள மறுத்தால் செய்வேன் என்று சொல்வதா என்பதெல்லாம் அவர் விருப்பம். இந்த அறிவிப்பு பேரத்துக்கான ஆயுதமாகவே பயன்படுகிறது என்று புரூக்ளினில் நீதிபதியாக இருந்த ஜான் க்ளீசன் 2013இலேயே தன் தீர்ப்பில் விரிவாக எழுதியிருந்தார். வருடங்களைக் குறைத்த 2018 சட்டம், அந்த அறிவிப்பைத் தாக்கல் செய்யும் விருப்பத்தை இருந்த இடத்திலேயே விட்டுவைத்தது.